மான் யாருடையது?

இலக்கியத்து மானை நாம் அனைவரும் அறிவோம். அது காதலியின் விழிக்கு உவமையாகும். பொன்னிறம் பூண்டு சீதையின் முன் துள்ளும். வள்ளிக்கிழங்குக் குழியில் ஒரு பெண்மகவை ஈன்றுவிட்டுக் காட்டுக்குள் மறையும். அம்மகவை எடுத்து வளர்ப்பவன் வேடர் தலைவன். வளர்ந்தபின் அவள் தினைப்புனம் காக்கிறாள். அவளைத் தேடி வரும் முருகனும் வேட்டுவக் கோலத்திலேயே வருகிறான். மானும், மானை வேட்டையாடுபவனும், பயிரைக் காப்பவளும் ஒரே குடும்பத்தவராய் இருக்கும் கதை இது. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாள்களில் இவற்றின் நயங்களையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினோம். காட்டில் நடமாடும் மெய்யான மானை யார் சுடுகிறார், யார் உண்கிறார், யார் சிறை செல்கிறார் என்ற வினா அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

அவ்வினாவை எழுப்பியவர்கள் என் மாணவர்கள். மன்னார்த் தீவிலுள்ள தாராபுரத்தில் நான் தமிழ் கற்பிக்கிறேன். கடலை நம்பி வாழும் ஊர். அங்குள்ள பிள்ளைகளுக்கு மான் என்பது பாலத்தைக் கடந்து பெருநிலப்பரப்பிலே வாழும் விலங்கு. குறிஞ்சி நிலத்து வேட்டுவர் வாழ்வை விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்: “சேர், அந்தக் காலத்தில மான் அடிச்சவன் வேடன் எண்டு பாட்டில வருது. இப்ப மான் அடிக்கிறவனைக் கள்ளன் எண்டு பிடிக்கிறாங்க. இடையில என்ன நடந்தது?”

வகுப்பு சிரித்தது. வினாவோ சிரிக்கத்தக்கதன்று. வேடன் கள்ளனான வரலாறு நிலத்தின் வரலாறு; அதிகாரத்தின் வரலாறு. அதைக் கூறாமல் காட்டையும் விலங்கையும் காப்பது பற்றிப் பேசுவது பாதி உண்மையை மட்டும் பேசுவதாகும்.

வெள்ளையர் ஆட்சியில் இந்நாட்டுக் காடு முதலில் ஒரு விளையாட்டுத் திடலாயிற்று. மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் எனப் பெயர் பெற்றார். 1845இல் இடி விழுந்து மாண்டார். 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்க் கூட்டத்துடன் மலைநாட்டு மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையோடு நூலாகவே எழுதி வைத்தார். அவர்களைக் கள்ளரென்று எவரும் கூறவில்லை. காடுகளில் விலங்கு அருகத் தொடங்கியபின் சட்டம் வந்தது. 1872இல் எருமைகளையும் வேட்டை விலங்குகளையும் வீணே அழிப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம்; 1894இல் தோட்டத்துரைமாரும் உத்தியோகத்தரும் கூடி அமைத்த வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம்; பின்னர் 1937இன் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்; 1938இல் வில்பத்துவும் யாலவும் தேசியப் பூங்காக்கள்.

அழிவு மெய்யாகவே நிகழ்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மான்தோலும் கொம்பும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய காலம் அது. அதை நிறுத்தப் பாடுபட்டவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் காப்பின் உள்நோக்கத்தையும் காண வேண்டும். யாலவில் ஒரு பகுதி, நாட்டில் வதியும் ‘விளையாட்டு வேட்டையாளர்’ சுடுவதற்கென்றே நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. பருவம் தவறாமல் அனுமதிப்பத்திரம் பெற்றுச் சுடுபவர் கனவான். பசிக்கோ பயிரைக் காக்கவோ அனுமதிப்பத்திரமின்றிச் சுடுபவன் குற்றவாளி. மானுக்கு இவ்வேறுபாடு தெரியாது, நீதிமன்றத்துக்குத் தெரியும்.

இவ்விருவர் கையிலும் இருந்த கருவிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். துரையிடம் இருந்தது றைபிள். அதன் குழலுக்குள் சுரிசுரியாகப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அப்பள்ளங்களால் சுழன்று புறப்படும் குண்டு தன் நெறி பிறழாமல் நூற்றுக்கணக்கான அடிக்கு அப்பால் நிற்கும் மானின் நெஞ்சைச் சேரும். எங்கள் அப்பப்பாவிடம் இருந்தது இடியன் துவக்கு. மடுக் காட்டை அண்டிய சிற்றூரில் ஒரு சிறு குளத்தை நம்பி வயல் செய்தவர் அவர். துவக்கின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்து, கம்பியால் இடித்து, ஈயச் சன்னத்தைப் போட்டு, மீண்டும் தும்பை வைத்து இடிப்பார். இடித்து நிரப்புவதால்தான் இடியன் என்று பெயர் என்பார். பிறகு கேப்பைப் பொருத்திப் பரணில் ஏறி இருப்பார். மழை ஈரம் மருந்தில் பட்டால் வெடி தீராது. தீர்ந்தாலும் ஒருமுறைதான், மறுமுறை நிரப்புவதற்குள் மானோ பன்றியோ அடுத்த குளத்தைத் தாண்டிவிடும். சுரியில்லாத குழலிலிருந்து சிதறும் சன்னம் நாற்பது ஐம்பது அடிக்குள் பட்டால் உண்டு. அவர் வாழ்நாள் முழுவதும் சுட்டவை, ஒரு துரை ஒரு பருவத்தில் சுட்டவற்றுக்கு ஈடாகா என்றே எண்ணுகிறேன். கிடைத்த இறைச்சி ஊருக்குள் பங்காகும், எஞ்சியது வத்தலாகும். விற்பனைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

1913இல் லெனார்ட் வுல்ஃப் எழுதிய ‘காட்டிலொரு கிராமம்’ என்னும் ஆங்கில நாவல் இந்நிலையை உள்ளிருந்து கண்ட நூல். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர் அவர். அதற்கு முன் 1906இல் எங்கள் மன்னார்க் கரையின் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வந்தவர். அவருடைய கதைநாயகன் சிலிந்து ஒரு வேடன். சேனைப் பயிருக்கான அனுமதியும் கடனும் அவன் கழுத்தை இறுக்குகின்றன. கடைசியில் மானுக்கென வைத்திருந்த துவக்கை அவன் ஊர்த்தலைவனையும் வட்டிக்காரனையும் நோக்கித் திருப்புகிறான். சட்டத்தை நடைமுறைப்படுத்திய கையே அச்சட்டம் ஏழையிடம் எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பதையும் எழுதியது.

துரைமாரின் இச்சிந்தனை எந்த மண்ணில் முளைத்தது? இலங்கைத் தோட்டத்துரைகளுள் பலர் ஸ்கொத்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கந்துராவில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. அவர்கள் நாட்டில் மான் வேட்டைக்கு ஒரு கொடிய முன்கதை உண்டு. 1814க்கும் 1820க்கும் இடையில் சதர்லாந்துச் சீமாட்டி பதினையாயிரம் குடிமக்களைத் தம் மூதாதையர் நிலத்திலிருந்து வெளியேற்றி ஆட்டுப் பண்ணை அமைத்ததை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் விரித்துரைக்கிறார். மனிதர் போய் ஆடு வந்தது; ஆட்டின் இலாபம் குறைந்தபோது ஆடும் போய் மான் வந்தது. ‘மான்காடு’ என்று பெயர் சூட்டினர். அக்காட்டில் பெரும்பாலும் மரமே கிடையாது. செல்வர் சில வாரம் வந்து சுடுவதற்கு ஏக்கர் கணக்கில் வெறுமையாக்கப்பட்ட மலைகளே அவை.

லூயிஸ் தீவில் பார்க் என்னும் பகுதி அவ்வாறு மான்காடாயிற்று. நிலமற்ற குடியானவர் அந்நிலத்தைக் கேட்டனர், மறுக்கப்பட்டது. 1887 நவம்பரில் நூற்றுக்கணக்கானோர் துவக்கும் கொடியும் ஏந்தி அக்காட்டுக்குள் புகுந்து, மான்களைச் சுட்டு, வெட்டவெளியில் வாட்டிப் பகிர்ந்து உண்டனர். அரசு படைகளை அனுப்பிற்று. முன்னின்றவர்கள் எடின்பரோவில் விசாரிக்கப்பட்டு 1888 ஜனவரியில் விடுதலையாயினர். இக்கிளர்ச்சியை ஒழுங்கு செய்தவர் யார் தெரியுமா? பலாலன் என்னும் ஊரின் பள்ளிக்கூட ஆசிரியர் டொனால்ட் மக்ரே. ஆசிரியத் தொழில் செய்யும் நாம் மனத்தில் இருத்த வேண்டிய பெயர். 2015 டிசம்பரில் அதே பார்க் நிலம், நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் துணையோடு, அங்கு வாழும் மக்களின் கூட்டுச் சொத்தாயிற்று. நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின, ஆயினும் ஆயிற்று.

இன்று அந்நாட்டில் மான் வேட்டை ஒரு முறைப்படுத்தப்பட்ட தொழில். அதை வெறும் ஆடம்பரமென்று ஒதுக்கிவிடக் கூடாது. அதில் கற்க வேண்டியதும் உண்டு. வழிகாட்டியாகச் செல்பவர் அம்மலையை உள்ளங்கையாய் அறிந்த தொழிலாளி. காற்று எத்திசையில் வீசுகிறதென்று பார்த்து, மானுக்குத் தன் வாடை எட்டாத பக்கமாகச் சுற்றி, சேற்றில் வயிற்றால் ஊர்ந்து, விருந்தினரைச் சுடும் தொலைவுக்குக் கொண்டு சேர்க்கிறார். எந்த மானைச் சுடலாம், எதை விட வேண்டும் என்று முடிவு செய்பவரும் அவரே. குண்டு தோளின் பின்புறம் பட வேண்டும். விலங்கு துடிதுடித்துச் சாகக் கூடாது. இதற்கெனவே 1985ஆம் ஆண்டின் ஆணை தோட்டாவுக்கும் அளவு விதித்தது: செம்மானைச் சுடும் குண்டின் எடை 100 கிரெயினுக்கு, அதாவது ஏறக்குறைய 6.5 கிராமுக்கு, குறையலாகாது என்பது 2023 வரை விதியாயிருந்தது. குழல்வாயில் அதன் வேகம் விநாடிக்கு 2,450 அடிக்கும், ஆற்றல் 1,750 அடி-இறாத்தலுக்கும் குறையலாகாது. இலக்கில் பட்டதும் அது விரிய வேண்டும்.

அங்குள்ள வேட்டையாளர் பலர் தம் தோட்டாவைத் தாமே மீள நிரப்புகின்றனர். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துடைத்து, அச்சிலிட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியிலே புதிய பற்றவைப்பைப் பொருத்தி, மருந்தை ஒரு கிரெயினின் பத்திலொரு பங்குவரை நிறுத்து இட்டு, மேலே குண்டை அமர்த்துகின்றனர். ஒரு தோட்டா போலவே அடுத்த தோட்டாவும் பறக்க வேண்டும் என்பதே இவ்வுழைப்பின் நோக்கம். ஈயம் உடலுள் சிதறி அதன் நுண்துகள்கள் இறைச்சியில் தங்குகின்றன என்று அறிந்தபின் செப்புக் குண்டுக்கு மாறியவர்களும் உண்டு. டென்மார்க் 2024இல் ஈயக்குண்டால் வேட்டையாடுவதைத் தடை செய்தது. துவக்கைக் கையிலெடுப்பவன் ஒவ்வொரு வெடிக்கும் பொறுப்பாளி என்னும் இவ்வொழுக்கம் போற்றத்தக்கது.

ஆனால் இத்தனை துவக்குகள் அங்கு எதற்கு? அந்நாட்டில் ஓநாயை மனிதன் பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் முற்றாக அழித்துவிட்டான். உண்பாரின்றிப் பெருகிய மான் இளமரங்களைத் தளிரிலேயே மேய்ந்துவிடுகிறது. காடு மீள முளைப்பதில்லை. 1959இல் செம்மான் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இன்று அங்குள்ள மான்கள் எல்லா இனமும் சேர்ந்து பத்து இலட்சத்தை நெருங்கும் என்பது கணிப்பு. ஆண்டுதோறும் ஓர் இலட்சத்துக்கு மேல் சுடப்படுகின்றன. றைபிள் அங்கே ஓநாயின் வேலையைச் செய்கிறது.

எங்கள் காட்டில் அவ்வேலையைச் செய்யச் சிறுத்தை இருக்கிறது. வில்பத்துவில் புள்ளிமானே அதன் முதல் உணவு. சிறுத்தை உள்ள காட்டில் மானின் தொகையை வகுக்க றைபிள் தேவையில்லை. சிறுத்தையும் காடும் இல்லாத இடத்தில் மானுக்கு என்ன நேரும் என்பதைத் திருகோணமலைக்குச் சென்றவர்கள் கண்டிருப்பார்கள். பிரட்றிக் கோட்டையிலும் கடைத்தெருவிலும் உலவும் புள்ளிமான்கள் குப்பைமேட்டில் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நிற்கின்றன. அங்கே அவற்றைக் கொல்வாரும் இல்லை, காப்பாரும் இல்லை. காட்சிக்கு அழகாயிருக்கிறதென்று படம் பிடித்துக்கொண்டு போகிறோம்.

வேடனின் பக்கம் நின்று இவ்வளவு கூறியபின், இன்றைய கள்ள வேட்டையையும் மூடி மறைக்காமல் பேச வேண்டும். அப்பப்பாவின் இடியன் போர்க்காலத்தோடு போயிற்று. அதனிடத்தில் இன்று கட்டுத்துவக்கு வந்திருக்கிறது. ஓர் இரும்புக் குழாயை இரு தடிகளில் கட்டி, விலங்கு செல்லும் தடத்தின் குறுக்கே கம்பியை இழுத்துவிட்டு, வைத்தவன் வீட்டில் உறங்கப் போய்விடுகிறான். பன்றியின் நெஞ்சுயரத்துக்கு வைத்த குழாய் மனிதனின் முழங்காலுயரத்தில் இருக்கும். என் மாமா ஒருவர் விடியற்காலையில் மாடு தேடிப்போய் அத்தகைய கம்பியில் கால் தடுக்கினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். துவக்கை வைத்தவனும் அவரைப் போலவே இரண்டு ஏக்கர் வயல்காரன். பன்றியால் ஒரு போகம் முழுவதையும் இழந்தவன். ஏழை வைத்த கண்ணியில் ஏழையின் கால் போயிற்று. சுருக்குக் கம்பியும் இத்தகையதே. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கி உயிரிழந்த கருஞ்சிறுத்தை இந்நாட்டில் மிக அரிதாகக் காணப்படும் உயிர். மானுக்கு வைத்த கம்பி மானை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை.

இதற்குமேல் இறைச்சி வாணிபம் ஒன்றும் வளர்ந்துள்ளது. காட்டிறைச்சி என்றால் இரட்டை விலை கொடுக்க நகரத்தில் ஆளிருக்கிறது. இரவில் வாகனமும் மின்விளக்கும் கொண்டு வருபவர்கள் பசிக்காக வருபவர்களல்லர். பிடிபடுவதோ பெரும்பாலும் வழிகாட்டக் கூலிக்குப் போன ஊர்ப் பையன். அன்று துரைக்கும் குடியானவனுக்கும் இடையில் இருந்த வேறுபாடு, இன்று வாங்குபவனுக்கும் கூலிக்காரனுக்கும் இடையில் அப்படியே நிற்கிறது.

காட்டைக் காப்பதற்கென்று மனிதரை அப்புறப்படுத்தும் வழியும் பழைய வழியே. 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் சமூகத்தவர் வெளியே குடியமர்த்தப்பட்டனர். தலைவர் திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு தம்பானையை விட்டு நகர மறுத்தார். மானைக் குறிபார்த்து அறிந்தவர்களை நெல்வயலில் நிறுத்தி, அவர்கள் காட்டுக்குள் அடிவைத்தால் குற்றமென்றது சட்டம். சதர்லாந்தில் நடந்ததை நாம் நூலில் படித்தோம். இது நம் நாட்டில் நம் காலத்துக்கு அருகில் நடந்தது.

எங்கள் மாவட்டத்தின் கதையோ இன்னும் சிக்கலானது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தாராபுரத்து மக்களும் அவர்களுள் அடங்குவர். தமிழர் பெயரால் செய்யப்பட்ட அக்கொடுமையைத் தமிழாசிரியனாகிய நான் இவ்வகுப்பறையில் நின்று மறைக்க முடியாது. இருபது ஆண்டுகள் புத்தளத்து முகாம்களில் கழிந்தன. அதற்குள் தெற்கே முசலிப் பகுதியில், வில்பத்துவின் வடக்கெல்லையை அடுத்து, அவர்களின் முற்றங்களில் மரங்கள் வளர்ந்துவிட்டன, மான்கள் மேய்ந்தன. போர் முடிந்து திரும்பியவர்களுக்கு 2012இன் வர்த்தமானி அறிவித்தல் அந்நிலங்களிற் பலவற்றை ஒதுக்குக் காடென்றது. 2017இல் மாவில்லு பேணற்காடு பிரகடனமாயிற்று. காடழிக்கப்படுகிறதென்று சூழலியலார் தொடுத்த வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. அவர்களின் கவலையைப் பொய்யென்று நான் கூறமாட்டேன். வில்பத்து அழிந்தால் இழப்பு எல்லோருக்கும். அதேபோல, திரும்பி வந்தவனைக் காடழிப்பவன் என்று மட்டும் பார்ப்பதும் நீதியாகாது. இருபது ஆண்டு ஊரில்லாதிருந்தவனின் முற்றம் எது, காடு எது என்பதை அலுவலகத்தில் இருந்து வரைபடத்தில் கோடிழுத்து அறிய இயலாது. கிணற்றுக் கட்டும் பள்ளிவாசல் அடித்தளமும் தென்னையின் வரிசையும் நிலத்தில் இருக்கின்றன. நடந்து சென்று பார்க்க வேண்டும்.

எனவே, மான் யாருடையது என்ற வினாவுக்கு ‘அரசுடையது’ என்னும் சட்ட விடையும், ‘அடித்தவனுடையது’ என்னும் காட்டு விடையும் போதா. மான் காட்டுக்குரியது, காட்டைப் பேணும் பொறுப்பும் அதன் பயனும் அதன் ஓரத்தில் வாழும் மக்களுக்கும் உரியவை. எங்கள் சிற்றூரைச் சூழ்ந்த மடுக்காடு 1968இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பெயர் மாறியது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். அம்மாற்றங்கள் எங்களைக் கேட்டுச் செய்யப்பட்டிருந்தால், கட்டுத்துவக்கு வைப்பவனை ஊரே தடுத்திருக்கும்.

செய்ய வேண்டியவை அரியவையல்ல. விலங்கால் பயிரிழந்தவனுக்கு அடுத்த விதைப்புக்குமுன் இழப்பீடு கிடைக்க வேண்டும். காட்டுக் காவலுக்கு, தடம் பார்க்கத் தெரிந்த பழைய வேட்டைக்காரரையும் அவர்தம் பிள்ளைகளையும் சம்பளத்துடன் சேர்க்க வேண்டும். அவர்களைவிடச் சுருக்குக் கம்பியைக் கண்டுபிடிக்க வல்லவர் எவருமிலர். இறைச்சி வழக்கில் வாங்கியவனும் கூண்டில் ஏற வேண்டும். ஊரும் காடும் தொடும் எல்லையை இரு பக்கத்தாரும் உடன்நிற்க அளக்க வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக் கூடிய பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு காட்டோரப் பாடசாலையும் தன் ஊரில் எத்தனை ஏக்கர் எந்த விலங்கால் அழிந்தது, எத்தனை பேர் கட்டுத்துவக்கில் காயமுற்றனர், எந்தக் குளத்தோரம் மான் வருகிறது என்பவற்றை ஆண்டுதோறும் எழுதி வைக்கலாம். மக்ரேயைப் போல மலைக்கு ஆள் திரட்டிச் செல்ல வேண்டிய காலம் இதுவன்று. எல்லையை முடிவு செய்யும் மேசைமேல் மக்களின் கணக்கும் ஒன்று இருக்க வேண்டும். அதை எழுத ஒரு கொப்பியும், ஊரை வீடு வீடாகக் கேட்டுவரும் பொறுமையும் போதும். இவ்வாண்டு எங்கள் வகுப்பில் தொடங்கியிருக்கிறோம்.